பத்து நிமிடத்தில் வரும் முருங்கைக்காய்க்கு எத்தனை சட்டை?

சாம்பாருக்குப் புளி கரைத்து வைத்த பிறகுதான் வீட்டில் காய் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. மும்பைச் செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து இறங்கிச் சந்தைக்குப் போய்வரச் சோம்பல்பட்டு, பத்து நிமிடத்தில் வீடு தேடி மளிகை கொண்டுவரும் செயலி ஒன்றில் முருங்கைக்காய், கொத்தமல்லி, ஒரு தேங்காய், கால் கிலோ வெண்டைக்காய் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். பருப்பு வேகும் முன்பே பொருள் வந்துவிட்டது. வந்ததைப் பிரித்து முடிப்பதற்குள் பருப்பு வெந்து, குக்கரும் ஆறிவிட்டது.

முருங்கைக்காயை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மூடி திறந்துகொள்ளாதபடி டப்பாவைச் சுற்றி மெல்லிய படலம் ஒன்றை இழுத்து ஒட்டி, அதன் மேல் விலைச்சீட்டைப் பதித்திருந்தார்கள். படலத்தின் முனை எங்கே இருக்கிறது என்று நகத்தால் தேடி அலுத்து, கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தேன். கொத்தமல்லிக்கும் அதே போல ஒரு டப்பா. வேர் நறுக்கிய பத்துப் பதினைந்து தண்டுகள் உள்ளே வியர்த்துக் கிடக்க, அடியில் இரண்டு இலைகள் அழுகி ஒட்டியிருந்தன. வெண்டைக்காய் ஊசித்துளை போட்ட பையில் வந்தது. தேங்காயைப் பற்றித்தான் எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை. நார் உரித்துக் குடுமி மட்டும் விட்ட முழுத் தேங்காயை, சூடு காட்டிச் சுருக்கிய பிளாஸ்டிக் தோலுக்குள் இறுக்கி அனுப்பியிருந்தார்கள். அரிவாளின் முதுகால் இரண்டு போடு போட்டால்தான் உடைகிற அந்த ஓட்டை, எதனிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு யாரிடமும் பதில் இருக்காது.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. குறையைச் சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிடுவது முறை. எட்டு மாதமாக இவர்களிடம் வாங்குகிறேன். எடையில் ஒருமுறையும் குறைவு கண்டதில்லை. துவரம்பருப்பும் இட்லி அரிசியும் கடைத்தெரு விலைக்கே கிடைக்கின்றன, சில நாட்களில் அதைவிடக் குறைவாகவும். உடைந்த முட்டைக்குப் பணம் கேட்டால் மறுபேச்சில்லாமல் திருப்பிவிடுகிறார்கள். ஜூலை மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளன்றும், தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஒரு பையன் பால் கொண்டுவந்து கொடுத்தான். ஆகவே நேரத்தைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ எனக்குப் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. நான் கேட்காமலே பொருளோடு வந்து சேர்ந்து, விலைக்குள் ஒளிந்து என்னிடமே காசும் வாங்கிக்கொள்ளும் அந்த உறைகளைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

அவை எவ்வளவு சேர்கின்றன என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதால், நான்கு வாரம் எதையும் எறியாமல், கழுவித் துடைத்து, காலியான 25 கிலோ அரிசிப் பை ஒன்றில் போட்டுவந்தேன். (அந்த அரிசிப் பையும் பிளாஸ்டிக் இழையால் நெய்ததுதான், ஆனால் இரண்டு ஆண்டாக எங்கள் வீட்டிலிருந்து மாவு மில்லுக்குப் போய்வந்து தன் பிறப்புக்குப் பரிகாரம் தேடிக்கொண்டது.) பதினொரு முறை வாங்கியதில் 19 டப்பாக்களும், அறுபதுக்கு மேற்பட்ட பைகளும் உறைகளும் சேர்ந்தன. சமையலறைத் தராசில் நிறுத்தபோது எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருந்தன. ஆனால் பையின் வாயைக் கட்ட முடியவில்லை. எடையே இல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் இந்தக் குணம்தான் பிற்பாடு வரும் சிக்கல்களுக்கெல்லாம் வேர். அதற்குப் பிறகு வருகிறேன்.

பையைக் கொட்டிப் பிரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் காய்கறி உறைகளாக இருந்தன. மீதி, தயாரிப்பாளர்கள் தாமே போட்டவை. பிஸ்கட்டுக்கு வெளியே ஒரு பளபளப்பான உறை, அதற்குள் ஆறு சிறு பொட்டலங்கள், ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் குழி குழியாக அழுத்திய ஒரு பிளாஸ்டிக் தட்டு. அந்தத் தட்டு பிஸ்கட் நொறுங்காமல் இருக்க உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆறு பிஸ்கட்டைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எட்டு என்று தோன்றச் செய்யவும் உதவுகிறது. சோப்பு மூன்றுக்குத் தனித்தனி உறை இருந்தும், ஒன்று இலவசம் என்று அறிவிப்பதற்காக மூன்றையும் சேர்த்து இன்னோர் உறை.

ஷாம்பு சாஷேயை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க மனம் வரவில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலங்களில் பொருளை அடைத்து விற்கத் தொடங்கியதும், அவருடைய பிள்ளைகள் ஷாம்புவை அந்த வழியில் ஊர் ஊராகக் கொண்டுசென்றதும், புட்டி வாங்க ஒரே நேரத்தில் காசு புரட்ட முடியாத நாள்கூலிக்காரரையும் மனத்தில் வைத்துத்தான். அந்த உறையும் குப்பையாகிச் சாக்கடையை அடைக்கிறது என்பது உண்மை. அது பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்பதும் உண்மை. தேங்காய் ஓட்டின் மேல் போட்ட உறைக்கு அப்படியொரு காரணத்தை எவ்வளவு யோசித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் பார்த்தேன். உரையாடல் பெட்டியில் முதலில் பேசியது இயந்திரம். பொருள் சேதமா, குறைவா, வரவே இல்லையா என்று மூன்று வாய்ப்புகளைக் காட்டியது. உறை அதிகம் என்ற புகார் மூன்றிலும் அடங்காததால் ‘சேதம்’ என்பதைத் தொட்டேன். அடுத்த நொடியே கொத்தமல்லிக்கு உரிய 24 ரூபாய் என் கணக்கில் ஏறிவிட்டது. நான் பணம் கேட்கவில்லை, டப்பா இல்லாமல் அனுப்ப முடியுமா என்றுதான் கேட்கிறேன் என்று எழுதியதும், மனிதர் ஒருவர் வந்து, என் கருத்தை உரிய குழுவுக்குத் தெரிவிப்பதாகவும், ‘பை வேண்டாம்’ என்ற தெரிவு செயலியில் முன்பே இருப்பதாகவும் மிகப் பணிவாகச் சொன்னார்.

அடுத்த முறை அந்தத் தெரிவை அழுத்தினேன். டப்பாக்களும் படலங்களும் ஊசித்துளைப் பைகளும் ஒன்று குறையாமல் வந்தன. அவற்றையெல்லாம் போட்டுக் கொண்டுவரும் பழுப்புக் காகிதப் பை மட்டும் வரவில்லை. அனுப்புகிற பொருட்களில் மட்கிப்போகக்கூடிய உறை அது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கிடைத்த உரிமையும் அது ஒன்றின் மேல்தான். ஏழு பொருட்களை நெஞ்சோடு அணைத்து, மேலே இருந்த தேங்காயை மோவாயால் அழுத்திப் பிடித்தபடி அந்தப் பையன் லிஃப்டிலிருந்து வெளியே வந்த கோலத்தைப் பார்த்த நாள் முதல், காகிதப் பையை நான் மறுப்பதில்லை.

உறை போடுவோர் தரப்பில் சொல்லப்படும் நியாயம், பொருள் கெடாமல் இருக்கும் என்பது. அது பொய்யில்லை. வெள்ளரிக்காயின் மேல் இறுகச் சுற்றிய படலம், நீர் ஆவியாவதைக் குறைத்து, காய் சுருங்காமல் சில நாட்கள் கூடுதலாகக் காக்கும். நெடுந்தூரம் பயணம் செய்து கடைத் தட்டில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய காய்க்கு அதனால் பயன் உண்டு. ஆனால் இந்த நிறுவனம் ஊர் முழுவதும் விளம்பரப் பலகை வைத்து விற்பது வேகத்தை அல்லவா? விடியற்காலையில் வாஷி மொத்தச் சந்தையில் இறங்கி, பகலுக்குள் என் அடுப்பில் ஏறிவிடக்கூடிய கொத்தமல்லிக்கு, பத்து நாள் பயணத்துக்குக் கட்டியது போன்ற மூட்டை முடிச்சு எதற்கு?

காரணம் வேறு. இந்தச் செயலிகளின் பின்னால், வாடிக்கையாளர் கால் வைக்காத கிடங்குகள் ஊரின் சந்துபொந்துகளில் இருக்கின்றன. டார்க் ஸ்டோர் என்பது தொழில் வட்டாரத்தில் அவற்றின் பெயர். (இருட்டுக்கடை என்று நேராகத் தமிழாக்கினால், நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே அல்வாவுக்காக வரிசையில் நிற்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.) அங்கே பொருள் எடுத்துக் கொடுக்கும் ஊழியருக்கு நிமிடக் கணக்கு உண்டு. வெண்டைக்காயைக் காம்பு கிள்ளிப் பார்த்துத் தராசில் போட்டு நிறுக்க அவருக்கு நேரம் இல்லை. எல்லாம் முன்பே நிறுத்து, பார்கோடு ஒட்டி, செங்கல் போல அடுக்கக்கூடிய வடிவத்தில் தயாராக இருக்க வேண்டும். கொத்தமல்லி செங்கல் வடிவத்தில் விளைவதில்லை என்பதால் டப்பாவுக்குள் புகுத்தப்படுகிறது. அவர்களுடைய கடிகாரத்துக்காகச் செய்த டப்பா அது. அதைக் கழுவி, காயவைத்து, ஒழித்துக்கட்டும் வேலை மட்டும் என் தலையில்.

சட்டம் இதைக் கேட்காதா என்றால், மும்பைக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் தடை புதிய செய்தி இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபோது, பழியில் ஒரு பங்கு வடிகால்களை அடைத்திருந்த பிளாஸ்டிக் பைகளின் மேல் விழுந்தது. அதன்பின் 50 மைக்ரான் தடிமனுக்குக் குறைந்த பைகளை மாநில அரசு தடைசெய்தது. 2018 மார்ச்சில் இன்னும் கடுமையான ஆணை பிறந்து, ஜூன் 23 முதல் அபராதம் தொடங்கியது. முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய், இரண்டாம் முறை 10,000, மூன்றாம் முறை 25,000 ரூபாயும் மூன்று மாதச் சிறையும். எங்கள் தெருப் பூக்காரர், மாநகராட்சி ஆட்களைக் கண்டதும் பைக்கட்டை வாழையிலைகளுக்கு அடியில் திணித்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் தயாரிப்பின்போதே போடப்படும் உறைகளுக்கு அந்த ஆணையில் விலக்கு இருந்தது. பூக்காரர் ஒளிக்க வேண்டியிருந்தது. பிஸ்கட் ஆலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிறகு, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரு தடை வந்தது. பிளாஸ்டிக் குச்சி வைத்த காதுப் பஞ்சு, பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, உறிஞ்சுகுழல், தட்டு, குவளை, கரண்டி என்று போகும் அந்தப் பட்டியலில், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின் மேல் சுற்றும் மெல்லிய படலமும் இடம்பெற்றிருக்கிறது. குடைமிளகாயும் வெள்ளரிக்காயும் அதில் இல்லை. ஆக, கல்யாணப் பத்திரிகையின் மேல் சுற்றினால் குற்றமாகும் அதே படலம், முருங்கைக்காய் டப்பாவின் மேல் சுற்றினால் சேவையாகிவிடுகிறது.

நிரம்பிய அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் தெருமுனையில் பழைய சாமான் வாங்கும் பங்கார் கடைக்குப் போனேன். கடைக்காரர் பால் கவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மீதியைக் காலால் என் பக்கம் தள்ளினார். தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் கிடங்கு வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமே போய்விட்டேன்.

அங்கே ஆறு பேர் தரையில் உட்கார்ந்து வகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையால் தடவியும், வளைத்தால் எழும் ஓசையைக் கேட்டும், சந்தேகம் வந்தால் முனையைக் கொளுத்தி முகர்ந்தும் இது இன்ன பிளாஸ்டிக் என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். வகையும் நிறமும் பிரித்த பிறகு பொடித்து, கழுவி, கூரையின் மேல் உலர்த்தி, உருக்கிக் கயிறு போல இழுத்து நறுக்கினால் கிடைக்கும் மணிகளுக்குத் தானா என்று பெயர். அந்த மணிகளிலிருந்துதான் வாளியும் முக்காலியும் மறுபடி பிறக்கின்றன. அண்ணாச்சி என் பையிலிருந்து ஒரு கொத்தமல்லி டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருந்த 1 என்ற எண்ணைக் காட்டினார்.

“தண்ணி பாட்டிலும் இதே ஜாதிதான் சார். ஆனா பாட்டில நசுக்கி மூட்டை கட்டிரலாம், எடை நிக்கும். இது வெறும் தகடு. இதுல ஒட்டியிருக்க ஸ்டிக்கரைச் சுரண்டுத கூலிக்கே காணாது.”

“பிஸ்கட் கவர், அண்ணாச்சி?”

“அத இந்தப் பக்கமே கொண்டாராதீங்க. மூணு சரக்க ஒண்ணா ஒட்டி வச்சிருக்கான். எவனாலயும் பிரிக்க முடியாது.”

அவர் சொன்னதன் பொருள் இதுதான். பிஸ்கட், சிப்ஸ், மசாலாப்பொடி ஆகியவற்றுக்கான உறை பார்வைக்கு ஒரே தாளாக இருந்தாலும், அச்சு ஏற்பதற்கு ஓர் அடுக்கு, காற்றும் ஒளியும் புகாதிருக்க அலுமினிய அடுக்கு, சூட்டில் ஒட்டிக்கொள்ள மற்றோர் அடுக்கு என்று ஒட்டிச் செய்யப்படுகிறது. ஒட்டியதைப் பிரித்து எடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையை விழுங்கிவிடும். சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதே அதற்குக் கிடைக்கக்கூடிய நல்ல கதி. இந்தப் பல்லடுக்கு உறைகளில் மறுசுழற்சிக்கு ஆகாதவற்றை இரண்டே ஆண்டில் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. கெடு முடிகிற 2018இல் ஒரு திருத்தம் வந்து, எரித்து ஆற்றல் பெறவும் முடியாத, வேறெந்தப் பயனும் இல்லாத உறைகளை மட்டுமே ஒழிக்க வேண்டும் என்று வரையறையைச் சுருக்கியது. எரியாத உறை என்று ஒன்று உண்டா? எல்லாம் தப்பித்துக்கொண்டன.

சூளைவரை போய்ச் சேராதவை குப்பைமேட்டுக்குத்தான் போகின்றன. எங்கள் வீட்டுக்கு அருகில், 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவனார் மேடு இருக்கிறது. 2016 ஜனவரியில் அது தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தபோது, சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எரிகிற உறையின் மணத்தை அறிய எனக்குத் தாராவிக்காரரின் மூக்கு தேவைப்படவில்லை.

உறையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மும்பையின் ஆடி மாத ஈரத்தில் திறந்து வைத்த அப்பளம் அரை நாளில் துணிபோலத் துவண்டுவிடும், உப்பு நீர்விடும், காப்பிப்பொடி மணம் போய் மண்ணாகும். இவற்றுக்கெல்லாம் காற்றுப்புகாத உறை வேண்டும். பால் கவரும் அப்படித்தான், அதைப் பங்கார் கடைக்காரர் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார். (கவரை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியே பிய்த்து எறியாமல் ஒட்டியபடி விட்டால், அந்தத் துணுக்கு வடிகாலுக்குப் போகாது.) பழைய கடைகளில் வழங்கிய செய்தித்தாள் பொட்டலத்துக்குத் திரும்பிவிடலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதை வேண்டாம் என்கிறது.

மாட்டுங்காவில் நான் மாதம் ஒருமுறை போகும் கடை இதை எந்த ஆரவாரமும் இல்லாமல் சமாளிக்கிறது. காய்கறி கூடையில் குவிந்திருக்கும்; நம் துணிப்பையில் தராசுத் தட்டிலிருந்து நேராகக் கொட்டுவார் கடைக்காரர். முருங்கைக்காய் முழு நீளத்தில் நாலு நாலாக வாழைநாரில் கட்டிக் கிடக்கும். வெற்றிலையும் பூவும் வாழையிலைக் கிழிசலில். காப்பிப்பொடிக்கு மட்டும் உறை. அங்கே போய்வர எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தை மிச்சம்பிடிக்கத்தான் நானும் செயலியை நாடினேன்.

ஆகவே நிறுவனத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. காய்கறிக்கு உறையில்லாத தெரிவு ஒன்றை வைத்து, அதற்குப் பத்து நிமிடத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். புளி கரைப்பதற்கு முன்பே யோசிக்க நான் பழகிக்கொள்வேன். டப்பாதான் வேண்டுமென்றால், கொண்டுவரும் பையனிடமே முந்தைய டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யட்டும். திரும்பும்போது அவன் வண்டி காலியாகத்தானே போகிறது? இதே மும்பையில் ஆரே பால் கண்ணாடிப் புட்டியில் வந்த காலத்தில், காலிப் புட்டியைக் கொடுத்துப் புதுப் புட்டியை வாங்கிப் பழகிய கைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.

மளிகைப் பிரிவுக்கு ஐந்தில் மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். காய்கறிப் பிரிவுக்கு ஒன்று; அதுவும் மழையில் வந்த பையனுக்காக. பருப்பும் அரிசியும் இனியும் அவர்களிடம் வாங்குவேன். கறிவேப்பிலையை மட்டும் நிறுத்திவிட்டேன். செயலியில் அது டப்பாவுக்குள் 15 ரூபாய். எங்கள் கட்டட வாசலில் தள்ளுவண்டி நிறுத்தும் பாஜிவாலாவிடம் அரைக் கிலோ தக்காளி வாங்கினால், கடிபத்தா என்று சொல்லி ஒரு கைப்பிடியைக் கொசுறாகப் பைக்குள் போட்டுவிடுகிறார்.